மனித வளர்ச்சி பற்றிய கல்வி: அதன் தோற்றமும் வளர்ச்சியும்

மனிதன் பிறந்த நாள்முதல் இறக்கும் நாள்வரை மாறிக்கொண்டே இருக்கின்றான் என்பது யாவரும் அறிந்த உண்மை. எனினும், அம்மாற்றத்தை ஒழுங்குற ஆராய்ந்து கல்லூரி மாணவர்க்கு ஒரு பாடமாகக் கற்பிக்கலாம் என்னும் எண்ணம் தோன்றி ஒன்றரை நூற்றாண்டு தானும் நிரம்பவில்லை. வாழ்வைப் பருவங்களாகப் பகுத்து நோக்கும் வழக்கமோ மிகப் பழையது. வடநூலார் பிரமசரியம் முதலாக நான்கு நிலைகளை வகுத்தனர். தமிழ்ப் பாட்டியல் நூலார் குழந்தையின் வளர்ச்சியைக் காப்பு முதலிய பத்துப் பருவங்களாக்கி, செங்கீரையை ஐந்தாம் மாதத்திற்கும் சப்பாணியை ஒன்பதாம் மாதத்திற்கும் உரியனவாகக் கொண்டனர். உலா இலக்கியத்திற் பெண்டிரைப் பேதை முதற் பேரிளம்பெண் ஈறாக எழுவகைப்படுத்தினர். ஆயின், உலாவின் ஏழாம் பருவம் நாற்பதாம் வயதோடு முடிவது நோக்கத்தக்கது. மேனாட்டில் எழுந்த புதிய ஆராய்ச்சித் துறையோ நெடுங்காலம் அதனினும் முன்னரே நின்றுவிட்டது. வளர்ச்சி இளமையோடு முற்றுப்பெறும் என்பதும், ஒருவனது அறிவின் அளவு பிறப்பிலேயே வரையறுக்கப்பட்டுவிடும் என்பதுமாகிய இரு கொள்கைகள் அத்துறையில் வேரூன்றியிருந்தன. அவை இரண்டும் எவ்வாறு ஆட்டங்கண்டன என்பதே இத்துறையின் வரலாற்றிற் பெரும்பகுதியாகும்.

வாழ்நாள் முழுவதையும் ஒருசேர நோக்கவேண்டும் என்னும் கருத்து யேர்மானிய அறிஞர் தெத்தென்ஸ் 1777 இல் வெளியிட்ட நூலிலும், பெல்சிய நாட்டுக் கணித அறிஞர் கெத்தலே 1835 இல் வெளியிட்ட நூலிலும் காணப்படுகின்றது. ஆயின், அவர்களைப் பின்பற்றி நடந்தோர் சிலரே. ஆராய்ச்சி உண்மையில் தொட்டிலருகே தொடங்கிற்று. சாள்ஸ் டார்வின் 1839 இற் பிறந்த தம் முதன் மகனை உற்றுநோக்கி எழுதிவைத்த குறிப்புக்களை, 37 ஆண்டுகள் கழித்து 1877 இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். யேனா நகரத்து உடலியற் பேராசிரியர் வில்கெல்ம் பிறையர் தம் மகனை மூன்றாண்டுகள் நாடோறும் கவனித்துக் கண்டவற்றை 1882 இல் நூலாக்கினார். குழந்தை அழுவதும் சிரிப்பதும் முதற்சொல் மொழிவதும் தாய்மார் மட்டுமன்றி அறிஞரும் கருதத்தக்க செய்திகளாயின. ஆயினும், இவ்வாராய்ச்சிகள் தந்தை ஒருவர் தம் பிள்ளை ஒன்றைக் கண்ட அளவிலேயே அமைந்தன.

இத்துறையைப் பல்கலைக்கழகத்துள் இட்டுச் சென்றவர் அமெரிக்கராகிய ஸ்ரான்லி ஹோல். மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள கிளாக் பல்கலைக்கழகத்தின் முதலாவது தலைவராக 1889 முதல் 1920 வரை அவர் பணிபுரிந்தார். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் வினாக்கொத்துக்களை அனுப்பிப் பிள்ளைகள் பற்றிய செய்திகளைத் திரட்டுவது அவர் கையாண்ட முறை. அம்முறை செப்பமற்றது எனப் பின்வந்தோர் குறைகூறினர். அக்குறை பெரும்பாலும் நேரியதே. ஆயின், குமரப்பருவத்தைத் தனியோர் ஆராய்ச்சிப் பொருளாக்கிய அவருடைய 1904 ஆம் ஆண்டு நூல் ஆசிரியர் கல்லூரிகள் பலவற்றிற் பயிலப்பட்டது. பதவியினின்றும் ஓய்வுபெற்றபின், எழுபத்தைந்து வயது கடந்த நிலையில், 1922 இல் முதுமையைப் பற்றியும் ஒரு நூலை அவர் வெளியிட்டார். குமரப்பருவ நூலைப் போற்றிய உலகம் முதுமை நூலை அந்நாளில் அத்துணைப் பொருட்படுத்தவில்லை.

குழந்தையாராய்ச்சிக்கென ஒரு நிலையம் அமைந்தமைக்குக் காரணராயினார் அறிஞர் அல்லர், தாயொருவர். அயோவா மாநிலத்தவரான கோரா பசி ஹில்லிஸ் என்னும் அம்மையார், பன்றியையும் சோளத்தையும் செம்மைப்படுத்த ஆராய்ச்சி உதவுமாயின் குழந்தையின் நலத்துக்கு அஃது உதவாதா எனப் பல்லாண்டுகள் வாதாடினார். அதன் பயனாக 1917 இல் அயோவாப் பல்கலைக்கழகத்திற் குழந்தை நல ஆராய்ச்சி நிலையம் மாநில அரசின் பொருளுதவியுடன் நிறுவப்பட்டது. 1920 களில் றொக்பெல்லர் குடும்பத்தின் அறக்கொடையால் மினசோற்றா, கலிபோணியா முதலிய பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய நிலையங்கள் தோன்றின. 1928 இற் பேர்க்கிலி நகரில், அவ்வாண்டளவிற் பிறந்த குழந்தைகளைத் தெரிந்தெடுத்து, அவர்களையே ஆண்டுதோறும் பின்தொடர்ந்து ஆராயும் முறை கைக்கொள்ளப்பட்டது. தந்தையின் நாட்குறிப்பும் வினாக்கொத்தும் காட்டமாட்டாதவற்றை இம்முறை காட்டிற்று.

இதற்கிடையில், பிரான்சு நாட்டவராகிய பினே 1905 இல் சிமோன் என்பாருடன் சேர்ந்து அறிவுச் சோதனை ஒன்றை ஆக்கியிருந்தார். வகுப்பிற் பின்தங்கிய பிள்ளைகளை இனங்கண்டு உதவுவதே அவர் நோக்கம். பயிற்சியால் அறிவு வளரும் என்றே அவர் கருதினார். அச்சோதனை அமெரிக்கா சென்றபின் பொருள் மாறிற்று. 1916 இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து லூயிஸ் ரேமன் அதனைத் திருத்தி வெளியிட்ட காலந்தொட்டு, நுண்மதி ஈவு என்னும் எண் பிறப்போடு வந்து மாறாது நிற்பதொன்று என்ற நம்பிக்கை பரவிற்று. இஃது ஏட்டளவில் நின்ற கொள்கையன்று. தாழ்ந்த எண் பெற்ற குழந்தை சுவீகாரத்துக்குத் தகாதது என ஒதுக்கப்பட்டது.

1930 களில் அயோவா நிலையத்தைச் சார்ந்த ஹரல்ட் ஸ்கீல்ஸ் என்பார் மாநிலத்து அநாதை விடுதிக் குழந்தைகளைச் சோதிக்கும் பொறுப்பை ஏற்றிருந்தார். டவன்போட் நகர விடுதியில் 13 மாதமும் 16 மாதமும் நிரம்பிய இரு பெண்குழந்தைகளின் ஈவுகள் முறையே 46, 35 என அமைந்தன. இனிச் செய்வதற்கு யாதுமில்லை எனக் கருதி, அறிவு வளர்ச்சி குன்றிய பெண்கள் வாழ்ந்த நிலையமொன்றுக்கு அவர்கள் அனுப்பப்பட்டனர். ஆறு மாதங்களின்பின் அங்குச் சென்ற ஸ்கீல்ஸ் அக்குழந்தைகளை அடையாளங் காண்டல் அரிதாயிற்று. ஓடியாடி விளையாடிய அவர்களைச் சோதித்தபோது ஈவுகள் 77, 87 என உயர்ந்திருந்தன. அங்கிருந்த பெண்கள் அவர்களைத் தம் பிள்ளைகளாகவே பாவித்து எடுத்தணைத்தும் பேசியும் விளையாடியும் வந்தனர். அநாதை விடுதியிலோ உணவும் உடையும் குறைவின்றிக் கிடைத்தன. அணைப்பாரும் பேசுவாரும் இலர்.

இதனைக் கண்ட ஸ்கீல்ஸ் மேலும் 11 குழந்தைகளை இவ்வாறே அனுப்புவித்தார். 13 குழந்தைகளின் சராசரி ஈவு 64 இலிருந்து 92 அளவிற்கு உயர்ந்தது. விடுதியிலேயே விடப்பட்ட 12 குழந்தைகளின் சராசரியோ 87 அளவிலிருந்து 60 அளவிற்குத் தாழ்ந்தது. 1939 இல் இம்முடிவு வெளிவந்ததும் ரேமன் முதலியோர் கடுமையாக மறுத்தனர். குழந்தைகளின் தொகை சிறிது; இரு குழுவினரும் திருவுளச்சீட்டு முறையிற் பிரிக்கப்பட்டவரல்லர்; குழந்தைப்பருவச் சோதனைகள் நம்பத்தக்கனவல்ல என்பன அவர்தம் வாதங்கள். அவற்றுள் உண்மை இல்லாமலில்லை. போர்க்காலத்தில் ஸ்கீல்ஸ் அயோவாவை விட்டு நீங்க, அவ்வாராய்ச்சி மறக்கப்பட்டது.

ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழிந்தபின் அவர் திரும்பிவந்து அந்த 25 பேரையும் தேடினார். ஒருவரேனும் விடுபடாமல் அனைவர் நிலையும் அறியப்பட்டது. அதன் முடிவுகள் 1966 இல் வெளியாயின. அனுப்பப்பட்ட 13 பேருள் 11 பேர் சுவீகாரம் பெற்று வளர்ந்திருந்தனர். 13 பேரும் பிறர் உதவியை வேண்டாது வாழ்ந்தனர். அவர்கள் கற்ற கல்வியின் நடுவளவு பன்னிரண்டாம் வகுப்பு. மற்றைய குழுவினரின் நடுவளவு மூன்றாம் வகுப்பையும் எட்டவில்லை. அவருள் ஒருவர் இளமையிலேயே இறந்தார். நால்வர் அப்பொழுதும் நிலையங்களிலேயே இருந்தனர். பின்னாளில், 2000 ஆம் ஆண்டளவில் உருமேனியத் தலைநகர் புக்கறெஸ்ற்றில், விடுதிகளில் வாழ்ந்த 136 குழந்தைகளைத் திருவுளச்சீட்டு முறையிற் பிரித்து, ஒரு பகுதியினரை வளர்ப்புக் குடும்பங்களிற் சேர்த்து நடத்திய ஆராய்ச்சியும் அப்பழைய முடிவின் சாரத்தை உறுதிப்படுத்திற்று. முதற் கொள்கை இவ்வாறு தளர்ந்தது. ஆயின், ஒப்புநோக்குதற்கென விடுதியிலே விடப்பட்ட அப் பன்னிருவரின் வாழ்வை எண்ணுவோர்க்கு, அறிவு பெறுதற்கு இறுக்கப்பட்ட விலை எத்தகையது என்பதும் புலனாகும்.

வளர்ச்சி இளமையோடு முடியும் என்ற இரண்டாவது கொள்கையை முதலில் எதிர்த்தோருள் வியன்னாப் பல்கலைக்கழகத்து சாளற் பூலர் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். வாழ்க்கை வரலாறுகளைத் திரட்டி, மனித வாழ்வின் முழுப்போக்கையும் ஆராய்ந்து 1933 இல் அவர் நூல் வெளியிட்டார். 1938 இல் ஒஸ்திரியா நாற்சிகள் கைப்பட்டமையால் அவர் நாடு துறக்க நேர்ந்தது. அமெரிக்காவில், சிக்காகோப் பல்கலைக்கழகம் 1930 இற் குழந்தை வளர்ச்சிக்கென அமைத்திருந்த குழுவை 1940 அளவில் மனித வளர்ச்சிக் குழுவாக விரித்தது. அத்துறையில் 1943 இல் முதற் கலாநிதிப் பட்டம் பெற்ற பேர்ணிஸ் நியூகாட்டன் அம்மையார் நடுவயதையும் முதுமையையும் பற்றி அங்கே நெடுங்காலம் கற்பித்தார். பல்கலைக்கழகப் பட்டமெதுவும் பெறாத எரிக் எரிக்சன் 1950 இல் எண்வகைப் பருவக் கொள்கையை வெளியிட்டார். 1960 முதல் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் மனித வாழ்வுச் சக்கரம் பற்றி அவர் நிகழ்த்திய விரிவுரைகள் மாணவரைப் பெரிதும் கவர்ந்தன. 1962 இல் இப்பொருள் பற்றிய கருத்தரங்கொன்றுக்காக அகமதாபாத் சென்ற அவர், காந்தியடிகளின் நடுவயது வாழ்வை ஆராயும் ஊக்கம் பெற்றார். அதன் பயனாய் 1969 இல் எழுந்த நூலில் ஆசிரமதருமங்களும் அவரால் எடுத்துக்கொள்ளப்பட்டன.

கொள்கையளவில் நின்ற இவ்விடயத்தை எண்ணளவிற் காட்டியவர் வோணர் ஷாயி. பல வயதினரையும் ஒரே நாளிற் சோதித்து, முதியோர் குறைந்த புள்ளி பெறுவதால் அறிவு வயதோடு தேய்கின்றது என முன்னையோர் கூறினர். முதியோர் இளையோரினும் குறைந்த பள்ளிக்கல்வி பெற்ற காலத்தவர் என்பதை அவர்கள் போதிய அளவு கருதவில்லை. ஷாயி 1956 இற் சியாற்றில் நகரில் 500 பேரைச் சோதித்து, அவர்களையே ஏழாண்டுக்கு ஒருமுறை மீளச் சோதித்தார். அறுபது வயதுக்குமுன் பெரும்பாலான ஆற்றல்கள் குறிப்பிடத்தக்க அளவு தேய்வதில்லை எனக் காணப்பட்டது. 1990 இற் பேர்லின் நகரில் 70 வயது முதல் 100 வயது கடந்தோர் வரை 516 பேரை ஆராயத் தொடங்கிய போல் பால்ற்றெஸ் முதலியோர், எப்பருவத்திலும் பேறும் இழப்பும் கலந்தேயுள்ளன எனவும், மிக முதிர்ந்த வயதில் இழப்பு மிகுதலை மறைத்தலாகாது எனவும் உரைத்தனர்.

இத்துறையில் இன்னும் நிரம்பாத குறையொன்று உண்டு. அமெரிக்க உளநூல் இதழ்களுள் தலைசிறந்த சிலவற்றை ஆராய்ந்த ஜெப்ரி ஆர்னெற், அவற்றில் ஆராயப்பட்டோருள் நூற்றுக்கு 96 பேர் மேனாட்டுத் தொழில்வள நாடுகளைச் சார்ந்தோர் என 2008 இற் காட்டினார். அந்நாடுகள் உலக மக்களுள் நூற்றுக்கு 12 பேரையே கொண்டவை. ஆகவே, பாடநூலிற் காணும் பருவங்களை எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் அவ்வாறே பொருத்துதல் தகாது. எலிசபெத் ஹேர்லொக் அம்மையார் 1953 இல் எழுதிய நூல் இந்தியக் கல்லூரிகளில் நெடுங்காலம் பயிலப்பட்டது. அதன் எடுத்துக்காட்டுக்களோ பெரும்பாலும் அமெரிக்க வாழ்விலிருந்து எழுந்தவை. நம்மவரை நாமே பின்தொடர்ந்து ஆராயும் பணி பெரிதும் எஞ்சியுள்ளது.

ஒரு மாணவனை மந்தன் என ஆசிரியர் குறித்துவைக்கும்போது, டவன்போட் விடுதியில் ஒருநாட் சோதனை அளித்த எண்களும், ஆறு மாதங்களின்பின் கிடைத்த எண்களும் அவர் நினைவுக்கு வருதல் நன்று. மனித வளர்ச்சி பற்றிய கல்வி தந்த பேறுகளுள் தலையாயது, ஒருவரைப் பற்றிய இறுதித் தீர்ப்பை விரைந்து கூறாதிருக்கும் பொறுமையே எனலாம். அந்த 13 குழந்தைகளுக்கு அப்பொறுமையை முதலில் அளித்தோர், தாமே அறிவு குன்றியோர் எனத் தீர்ப்பளிக்கப்பட்ட பெண்கள்.