பூட்டும் பூட்டிங்கும்

இந்த வாரமும் கொஞ்சம் பழங்கதைதான். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. தரமணியிலும் ஓ.எம்.ஆரிலும் வேலை பார்க்கும் உங்களில் பலருக்குத் தேதியைச் சொன்னாலே போதும். நம் நேரப்படி காலை 9.39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு சின்ன அப்டேட்டை உலகம் முழுக்க அனுப்பியது. 78 நிமிடத்தில் சரிசெய்துவிட்டது. ஆனால் அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையைக் காட்டிப் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். 20 தகவல்களே கொடுக்கப்பட்டிருந்த ஒரு நிரல், 21-ஆவதைத் தேடி இல்லாத இடத்தில் கைவைத்துவிட்டது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நாற்பத்தோராவது நோட்டைத் தேடுவது மாதிரி.

திருத்தம் எளிது. சேஃப் மோடில் கணினியைத் தொடங்கி, 'சி-00000291' என்று ஆரம்பிக்கும் கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், விண்டோஸுக்குள் நுழையும் முன்பே விழுந்த இயந்திரத்தைத் தூரத்திலிருந்து தொட முடியாது. பெரும்பாலானவற்றுக்கு ஓர் ஆள் நேரில் போய் உட்கார வேண்டியிருந்தது. பல இடங்களில் அதற்கும் முன்னால் பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. சில அலுவலகங்களில் அந்த எண்களின் பட்டியல் இருந்த சர்வரே விழுந்து கிடந்தது! சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதை.

இப்படி ஒரு கொல்லைப்புற வாசல் கணினியில் ஏன் இருக்கிறது? கண் விழிக்கும்போது கணினிக்கு எதுவும் தெரியாது. 'எங்கிருந்து படிக்கட்டும்?' என்பதுதான் அதன் முதல் கேள்வி. நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஐ.ஐ.டி.யில் 1973-ல் ஐ.பி.எம். 370/155 என்ற பெருங்கணினி வந்தது. அந்த வகை இயந்திரத்தில் எந்தச் சாதனத்திலிருந்து படிக்க வேண்டும் என்பதை ஆபரேட்டர் திருகிகளில் வைத்து, 'லோட்' பொத்தானை அழுத்துவார். அந்த அறைக்குள் நிற்பவர் கையில்தான் எல்லா அதிகாரமும்.

1984-ல் வந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி.யில் இந்த அமைப்புகள் பேட்டரியால் உயிர்வாழும் ஒரு சின்ன நினைவகத்தில் குடியேறின. பின்னாளில் அதற்கும் கடவுச்சொல் போட்டார்கள். மறந்துபோனால்? பல மேசைக் கணினிகளில் அந்தப் பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் கழித்து மாட்டினால் கடவுச்சொல் போய்விடும். ரிச்சி தெரு மெக்கானிக்குகளுக்கு இது அத்துப்படி. லினக்ஸில் இன்னும் சுலபம்: தொடக்கத் திரையில் ஒரு வரியைத் திருத்தினால் கடவுச்சொல் கேட்காமலேயே நிர்வாகி ஆகிவிடலாம்.

உரிமையாளரை உள்ளே விடும் அதே வாசல் திருடனையும் விடும். அதனால்தான் 2007-ல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவோடு பிட்லாக்கர் வந்தது. வட்டில் உள்ள எல்லாவற்றையும் அது குழப்பி எழுதிவிடும். வேறு வழியாகத் தொடங்கினாலும் எழுத்து புரியாது. பயாஸில் சில அமைப்புகளை மாற்றினால்கூடச் சந்தேகப்பட்டு 48 இலக்கத்தைக் கேட்கும். எந்த மெக்கானிக்காலும் அதற்கு மேல் ஒன்றும் செய்ய இயலாது. என் கருத்தில் இது சரியான மாற்றம்தான். ஆனால் விலை, மறதிக்காரர்கள் தலையில் விழுகிறது.

இதை எழுதக் காரணம் உண்டு. இப்போதைய புதிய லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே இந்தப் பூட்டு தானாக விழுந்துவிடுகிறது. பூட்டு இருப்பதே வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாது. பேரன் பேத்தி படம், பென்ஷன் தாள் எல்லாம் அதில்தான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவின் கணக்கைத் திறந்து, அந்த மீட்பு எண்ணைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் கவரில் வைத்துவிட்டு வாருங்கள். லேப்டாப் பையில் மட்டும் வைக்காதீர்கள்.