எந்த வருடத்துக்குத் திருத்துவது? - வாப்பாவின் சி-90

உண்மையைச் சொல்லித் தொடங்குகிறேன். வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் நான் கை வைத்தது பாசத்தினால் அல்ல. 4 லீற்றர் பெற்றோலுக்காக.

2022 ஜூலையை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். பாடசாலைக்குப் போய் வரவே எனக்கு அது போதவில்லை. பதிவதற்கு வாகன இலக்கத்தோடு சேசிஸ் இலக்கமும் கேட்டார்கள். அப்போதுதான் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் கிடந்த பைக் ஞாபகம் வந்தது. டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துருவைத் துடைத்தேன். இலக்கங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முழுவதும் தெரிந்தபோது பதிய மனம் வரவில்லை. மௌத்தான மனிதரின் பைக், ஓடவும் இல்லை. அதைக் காட்டிப் பெற்றோல் எடுப்பதா? ஓட வைத்துவிட்டு எடுப்போம் என்று நினைத்தேன். 2023இல் கியூ.ஆர். முறையே நின்றுவிட்டது. பைக் ஓடுவதற்கு அதற்குப் பிறகும் இரண்டு வருடம் பிடித்தது.

வரலாறு படிப்பிப்பவன் என்பதால் இதைக் கழற்றக் கழற்ற வாசிக்கவும் தொடங்கினேன். கழற்றிய ஒவ்வொரு துண்டும் ஒரு காலத்தைச் சொன்னது.

இதன் மூத்த உரு பிறந்தது ஜப்பானில், 1958 ஆகஸ்டில். சொய்ச்சிரோ ஹொண்டாவும் அவருடைய பங்காளி தக்கேயோ புஜிசாவாவும் 1956இல் ஐரோப்பா போய் அங்குள்ள சின்ன மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள். புஜிசாவா கேட்டது ஒன்றைத்தான்: நூடில்ஸ் கடைப் பையன் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்டக்கூடிய பைக். அதனால்தான் இதில் கிளட்ச் லீவர் இல்லை. எஞ்சின் வேகம் கூடும்போது உள்ளேயிருக்கும் எடைகள் விலகிக் கிளட்ச் தானாகப் பிடித்துக்கொள்ளும். கால் வைத்து கியரை மாற்றினால் போதும். சாரன் கட்டியவரும் ஓட்டலாம், சாரி கட்டியவரும் ஏறலாம். காலில் சேறு படாமல் முன்னால் பிளாஸ்டிக் கவசம். சுப்பர் கப் என்று பெயர் வைத்தார்கள். 2017இல் அதன் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. உலகத்தில் வேறெந்த மோட்டார் வாகனமும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. சட்டம் கேட்கும் புகை அளவுக்குள் அடக்க முடியாமல், அந்த முதல் அளவான 50 சிசி ரகத்தின் உற்பத்தியை 2025 மே மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். என் வாப்பாவினது அதன் தம்பி, சி-90.

நம் நாட்டில் இந்த ரகம் பெருகியது 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பிறகு. அதற்கு முன் பைக் என்றால் பெரும்பாலும் இங்கிலாந்துக்காரன் விட்டுப்போன பீ.எஸ்.ஏ., ட்ரையம்ப். அவை வசதியானவர்களின் வாசலில் நின்றன. ஜப்பான் பைக் வந்த பிறகுதான் மீன் வியாபாரி, தபால்காரர், குடும்ப நல மாது, வாத்தியார் என்று எல்லோரும் ஏறினார்கள். வாப்பா இதை 1986இல் மூன்றாவது ஆளாக வாங்கினார். மருதமுனைத் தறியில் நெய்த சாரன்களைப் பின்னால் கட்டிக்கொண்டு அம்பாறை, உகன, மகாஓயா வரை போவார். அவருக்குச் சிங்களம் வந்தது பாடசாலையில் அல்ல, இந்தப் பைக்கில்தான்.

ஆசிரியர் கலாசாலை விடுதியில் ஒரு இரவு, பைக்குகளைப் பற்றிக் கதை வந்தது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் பொருளாதாரத் தடைக் காலத்தைச் சொன்னார். பெற்றோல் வராது. அவருடைய அப்பா சி-90ஐ மண்ணெண்ணெயில் ஓட்டினாராம். மண்ணெண்ணெய் குளிரில் இலகுவில் ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் போத்தல் பெற்றோலைப் பொன் மாதிரி வைத்திருந்து, சில துளி விட்டு எஞ்சினைப் பிடிக்க வைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிளக் கரி பிடித்துக்கொண்டே இருக்கும். எல்லோரும் சிரித்தோம். புத்தளத்திலிருந்து வந்திருந்த நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எங்கட வாப்பாவுக்கும் இதே பைக் இருந்ததாம். சோனக தெருவுல விட்டுட்டு வந்தாங்க" என்றார். 1990 ஒக்டோபர் 30. இரண்டு மணித்தியால அவகாசம். வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்ட நாட்கள். அவருடைய வாப்பா சாவியை மட்டும் பொக்கட்டில் கொண்டுவந்திருக்கிறார். அந்தச் சாவி இன்னும் வீட்டில் இருக்கிறதாம்.

ஒரே ரகப் பைக்கில் மூன்று வாப்பாமாரின் கதை. திருத்துவதற்கு ஒரு பைக் கிடப்பதே பாக்கியம் என்று எனக்குப் பட்டது அன்றைக்குத்தான்.

இனி எங்கள் வீட்டுக் கதை. 2004 டிசம்பர் 26, ஞாயிறு. முதல் தண்ணீர் முற்றத்தை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. வாப்பா என்னை மேற்கே ஓடச் சொல்லிவிட்டு, உம்மாவையும் தங்கச்சியையும் பைக்கில் ஏற்றி வயல் பக்கம் கொண்டுபோய் விட்டார். மூத்தம்மாவை ஏற்றிவரத் திரும்பிப் போனார். பாதி வழியில் அடுத்த அலை. பைக்கை விட்டுவிட்டு ஒரு மதிலில் ஏறித் தப்பினார். மூத்தம்மாவின் ஜனாஸா மறுநாள் கிடைத்தது. பைக் நாலாம் நாள் ஒரு கிணற்றடியில் கிடைத்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போன அந்த நாட்களில் ஒரு பைக்கை யார் பார்ப்பது? வாப்பா அதைத் தள்ளிக்கொண்டு வந்து கொட்டிலில் நிறுத்தினார். அதற்குப் பிறகு அதில் ஏறவில்லை. பழைய இரும்புக்காரர் எத்தனையோ தடவை கேட்டும் கொடுக்கவும் இல்லை. காரணம் சொல்லாமலே 2011இல் போய்விட்டார்.

உப்புத் தண்ணீர் குடித்து, பதினெட்டு வருடம் நின்ற எஞ்சின். பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. இந்த எஞ்சினில் சிலிண்டர் நிமிர்ந்து நிற்காது, முன்பக்கமாகக் கிடையாகப் படுத்திருக்கும். பிளக் துளையால் எண்ணெய் விட்டால் தங்காமல் வழிந்துவிடும். கொட்டில் வளையில் கயிறு போட்டு முன்சில்லை உயர்த்திக் கட்டினேன். டீசலும் பிரேக் ஒயிலும் கலந்து விட்டு, ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு கொஞ்சம் அசைத்துப் பார்த்தேன். பதினோராம் நாள் ஒரு நூல் அளவு அசைந்தது. பெற்றோல் தாங்கிக்குள் வினாகிரியையும் சின்ன நட்டுகளையும் போட்டு இரண்டு நாள் குலுக்கினேன். பிறகு அப்பச் சோடாத் தண்ணீரால் கழுவினேன். காபரேட்டரின் துளைகளுக்கு மெல்லிய செப்புக் கம்பி போதும். ஊசி போட்டால் துளை பெருத்துவிடும் என்று பாஸ் ஒருவர் சொல்லித் தந்தார். 6 வோல்ட் வயர்கள் முழுவதையும் மாற்றினேன்.

முன் லைட்டைக் கழற்றியபோது அதற்குள்ளிருந்து ஒரு பிடி மணல் கொட்டியது. சிப்பித் துண்டுகளோடு கடல் மணல். கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. அதைக் கூட்டிக் கொட்டாமல் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு வைத்தேன்.

பிறகுதான் உண்மையான பிரச்சினை வந்தது. புதுசு மாதிரி ஆக்குவது என்றால் எந்த வருடத்துப் புதுசு? தாங்கியில் பெருவிரல் அளவு இடத்தைத் தேய்த்துப் பார்த்தேன். மேலே வாப்பா அடித்த நீலம். அதற்குக் கீழே யாரோ அடித்த கறுப்பு. அடியில் ஜப்பானில் அடித்த சிவப்பு. சிவப்புக்குப் போனால் வாப்பா அழிந்துவிடுவார். நீலத்தைப் புதிதாக அடித்தால் சுனாமி அழிந்துவிடும். நண்பர்கள் "ஃபுல் பெயின்ட் போடுங்க சேர், விலை போகும்" என்றார்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய பைக்குக்கு இருந்த விலை உங்களுக்குத் தெரியும். எனக்கு விற்கும் எண்ணம் இருக்கவில்லை. கண்ட காயத்தையெல்லாம் அப்படியே விடுவோம் என்று முடிவெடுத்தேன். எல்லாவற்றையும்விட, தாங்கியின் இடப்பக்கத்தில் இருந்த பெரிய நெளிவை.

என் வகுப்பில் 2004க்கு முன் பிறந்த பிள்ளை ஒன்றும் இல்லை. சுனாமி அவர்களுக்கு வருடத்துக்கொரு துஆ, அவ்வளவுதான். மணல் போத்தலையும் தாங்கியையும் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். "இந்த நெளிவு, அலை பைக்கை மதிலில் அடித்தபோது வந்தது" என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

அன்று பின்னேரம் உம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். உம்மா சிரித்துவிட்டார்.

"அது சுனாமியில வந்ததில்ல மகன். நீ ஆறு வயசுல பைக்குல ஏறி விளாடி, அம்மிக் கல்லுல சாச்ச. வாப்பா அடிக்கப் போறாருன்னு நீ மூத்தம்மாட பின்னால போய் ஒளிச்ச. மூத்தம்மாதான் காப்பாத்தினாவு."

மறுநாள் வகுப்பில் பிழையை ஒப்புக்கொண்டேன். சான்று கையில் இருந்தது, அதைப் பற்றி அறிந்தவர் வீட்டிலேயே இருந்தார், நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த பெரிய கதையை அந்தச் சின்ன நெளிவின்மேல் ஏற்றிவிட்டேன். ஒரு பிள்ளை கேட்டது: "அப்ப சேர், மணல்?" மணல் உண்மை என்றேன். அன்று நடந்ததுதான் அந்தத் தவணையில் நான் படிப்பித்த நல்ல பாடம்.

நெளிவை எடுக்கவில்லை. மூத்தம்மா எனக்காகப் பரிந்து பேசிய அடையாளமாக இப்போது அது நிற்கிறது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, இருபது தடவைக்கு மேல் உதைத்த பிறகு எஞ்சின் பிடித்தது. வெள்ளைப் புகை கொட்டிலை நிறைத்தது. உம்மா குசினியிலிருந்து வெளியே வந்து, படியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு "வாப்பா இன்னும் கொஞ்சம் மெதுவா வெச்சிருப்பாரு" என்றுவிட்டு உள்ளே போனார். ஐட்லிங் ஆணியை அரைச் சுற்றுக் குறைத்தேன். சரியாக இருந்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு பைக், ஒரு தையல் மெஷின், ஒரு தறி மூலையில் கிடக்கலாம். இரும்புக்காரருக்குக் கொடுப்பதானால் கொடுங்கள். அதற்கு முன் வீட்டிலுள்ள மூத்தவரை அதன் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொருளைப் பிறகும் தேடலாம். சொல்வதற்கு ஆள் இருக்காது.