திக்ரித்திலிருந்து திரும்பிய நர்சுகள்

"பேத்தி நர்சிங் முடிச்சிட்டா. குவைத்துக்கு அனுப்பலாமா?" என்று நண்பர் கேட்டார். வளைகுடா நம் வடகரைக்குப் புதிதல்ல. ஆனாலும் எனக்கு 2014தான் நினைவுக்கு வந்தது.

அந்த ஆண்டு ஜூனில் ஈராக்கின் திக்ரித் நகரம் ஐ.எஸ். கையில் விழுந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் 46 இந்திய நர்சுகள் சிக்கினார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பெண்கள்; ஒருவர் நம் தூத்துக்குடிக்காரர். ஜூலை 3ஆம் தேதி அவர்களை மோசுலுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் விடுதலை. 5ஆம் தேதி எர்பிலிலிருந்து தனி விமானத்தில் கொச்சி வந்து சேர்ந்தார்கள்.

சண்டை தொடங்கியபோதே கிளம்பியிருக்கலாமே என்று கேட்கலாம். சிலர் தயங்கினார்கள். அங்கே சம்பளப் பாக்கி. இங்கே படிப்புக்கும் ஏஜெண்டுக்கும் வாங்கிய கடன். குண்டைவிடக் கடனுக்கே பயந்தார்கள்.

2015ல் மத்திய அரசு விதியை இறுக்கியது. 18 நாடுகளுக்கு நர்சுகளை அரசு நிறுவனங்கள் வழியாகவே எடுக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அதற்கு 1978ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அதே 2015ல்தான், 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஆளுக்கு 19.5 லட்சம் வாங்கியதாகக் கொச்சி ஏஜென்சி ஒன்றின் மீது சிபிஐ வழக்குப் போட்டது.

நண்பரிடம் சொன்னேன்: "அனுப்புங்க அண்ணாச்சி, நல்ல தொழில். ஆனா வீட்டை அடகு வச்சு அனுப்பாதீங்க. வேண்டாம்னு தோணுற அன்னைக்குப் பிள்ளை திரும்பி வர முடியணும்."