தி சிட்டி தட் நெவர் ஸ்லீப்ஸ்

தி சிட்டி தட் நெவர் ஸ்லீப்ஸ் என்பது மார்வெல்ஸ் ஸ்பைடர்-மேன் எனும் நிகழ்பட விளையாட்டின் கதையைத் தொடர்ந்து சொல்லும், மூன்று பகுதிகளைக் கொண்ட கதை விரிவாக்கம் ஆகும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த இன்சோம்னியாக் கேம்ஸ் நிறுவனம் இதனை உருவாக்கியது. சோனி இன்டராக்டிவ் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் பிளேஸ்டேசன் 4 கருவிக்காக இதனை 2018 அக்டோபர் முதல் திசம்பர் வரை மாதம் ஒரு பகுதியாக வெளியிட்டது. குற்றக் கும்பல்களுக்கு இடையேயான போர் இதன் மையக்கதை. அப்போரினால் நேர்மையான காவல் அதிகாரி ஒருவர் சட்டத்தின் எல்லையைக் கடந்து செல்வது இதன் முக்கியமான கிளைக்கதை ஆகும்.

பெயர்

இத்தொடர் ஆங்கிலத்தில் நியூ யார்க் நகருக்கு வழங்கும் சிறப்புப் பெயரையே தலைப்பாகக் கொண்டுள்ளது. மதுரையைத் தூங்கா நகரம் என்று அழைப்பது போன்றதே இது. இரவு பகலாக நகரைக் காக்கும் மீநாயகனின் ஓய்வின்மையையும் இப்பெயர் குறிப்பதாகக் கொள்ளலாம்.

கதை விரிவாக்கம் என்பது

ஒரு விளையாட்டு வெளியான பின்னர், அதே பாத்திரங்களையும் களத்தையும் கொண்டு புதிய நிகழ்வுகளைச் சேர்த்து வெளியிடப்படும் பகுதியே கதை விரிவாக்கம் எனப்படுகிறது. இது பெரும்பாலும் இணையத்தில் விலைக்கு விற்கப்பட்டுத் தரவிறக்கம் செய்யப்படுகிறது. நகரத்தின் வரைபடம், பாத்திர அசைவுகள், சண்டை முறைகள் ஆகியவை மூல விளையாட்டில் ஏற்கனவே இருப்பதால், புதிய விளையாட்டு ஒன்றை உருவாக்குவதைவிடக் குறைந்த காலத்தில் இதனை உருவாக்க இயலும்.

மீநாயகன் விளையாட்டுகளில் இம்முறை புதியதன்று. பேட்மேன்: ஆர்க்கம் சிட்டி விளையாட்டுக்கு ஆர்லி குயின்ஸ் ரிவெஞ்ச் என்ற விரிவாக்கம் 2012ஆம் ஆண்டிலும், பேட்மேன்: ஆர்க்கம் ஆரிசின்ஸ் விளையாட்டுக்கு கோல்ட், கோல்ட் ஆர்ட் என்ற விரிவாக்கம் 2014ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அதே 2014இல் வெளியான இன்ஃபேமஸ்: ஃபர்ஸ்ட் லைட், மூல விளையாட்டு இல்லாமலேயே தனித்து விளையாடக்கூடியதாக அமைந்தது. தி சிட்டி தட் நெவர் ஸ்லீப்ஸ் அவ்வாறானதன்று. இதனை விளையாட மூல விளையாட்டு தேவை.

பின்னணி

மூல விளையாட்டு 2018 செப்டம்பர் 7 அன்று வெளியானது. முதல் மூன்று நாட்களில் 33 இலட்சம் படிகள் விற்பனையாயின. அதன் கதையில் பீட்டர் பார்க்கர் எட்டு ஆண்டுகளாக ஸ்பைடர்-மேனாக இருந்து வரும் இளைஞர். நியூ யார்க் காவல்துறையைச் சேர்ந்த யூரி வாட்டனபே அவருக்குத் தொலைபேசி வழியாகத் தகவல் தந்து உதவுகிறார். நகர மண்டபத்தில் நடந்த தாக்குதலுக்குப் பின்னர், மேயர் நார்மன் ஆசுபார்ன் சில்வர் சேபிள் என்பவரின் தனியார் படையை வரவழைக்கிறார். கதையின் முடிவில் சேபிள் நகரை விட்டு வெளியேறுகிறார். அவரது படையின் ஆயுதங்களும் தொழில்நுட்பமும் தவறானவர்களின் கைக்குச் சென்று சேர்வதே விரிவாக்கத்தின் சிக்கலுக்குக் காரணமாகிறது.

பகுதிகள்

1. தி ஐஸ்ட் (23 அக்டோபர் 2018)
2. டர்ஃப் வார்ஸ் (20 நவம்பர் 2018)
3. சில்வர் லைனிங் (21 திசம்பர் 2018)

ஒவ்வொரு பகுதியும் அமெரிக்காவில் 9.99 டாலருக்கும், மூன்றும் சேர்ந்து 24.99 டாலருக்கும் விற்கப்பட்டன.

கதைச்சுருக்கம்

குறிப்பு: இப்பிரிவில் கதையின் முடிவு கூறப்பட்டுள்ளது.

தி ஐஸ்ட்: கலை அருங்காட்சியகம் ஒன்றில் நடக்கும் கொள்ளையைத் தடுக்கச் செல்லும் ஸ்பைடர்-மேன், தன் முன்னாள் காதலியும் திருடியுமான பெலிசியா ஆர்டியை (பிளாக் கேட்) சந்திக்கிறார். மேகியா எனப்படும் குற்றக் குடும்பங்களின் செல்வம் பற்றிய தரவுகளைத் தேடி அவர் வந்திருக்கிறார். மேகியா தலைவர்களுள் ஒருவரான ஆமர்எட் தன் மகனைப் பிணையாக வைத்திருப்பதாகவும் கூறுகிறார். அக்குழந்தை தன்னுடையதாக இருக்குமோ என்று பீட்டர் கலங்குகிறார். ஆனால் அப்படி ஒரு குழந்தையே இல்லை என்பதும், தன் உதவியைப் பெறுவதற்காகச் சொல்லப்பட்ட பொய் அது என்பதும் பின்னர் தெரிய வருகிறது. பெலிசியாவின் இருப்பிடத்தில் குண்டு வெடிக்க, அவர் இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார்.

டர்ஃப் வார்ஸ்: ஆமர்எட் மற்ற மேகியா தலைவர்களுக்கு எதிராகப் போர் தொடங்குகிறார். அவரது ஆட்கள் சேபிள் படையின் ஆயுதங்களைக் கைப்பற்றியிருக்கின்றனர். அவரைப் பிடிக்கச் சென்ற யூரியின் குழுவினர் பதுங்கித் தாக்கப்பட்டு உயிரிழக்கின்றனர். அதுவரை விதிமுறைகளைக் கடைப்பிடித்து வந்த யூரி, இதன் பின்னர் ஆமர்எட்டை எவ்விதத்திலேனும் வீழ்த்த வேண்டும் என்ற வெறிக்கு ஆளாகிறார். ஸ்பைடர்-மேன் தடுத்தும் அவர் கேட்பதில்லை. பகுதியின் முடிவில் யூரி பணியிலிருந்து விலக்கி வைக்கப்படுகிறார்.

சில்வர் லைனிங்: ஆமர்எட் தன் உடலை இயந்திர உறுப்புகளால் வலுவூட்டிக்கொண்டு திரும்புகிறார். களவு போன தொழில்நுட்பத்தை மீட்க சேபிளும் நியூ யார்க்குக்கு வருகிறார். முதலில் மோதிக்கொள்ளும் சேபிளும் ஸ்பைடர்-மேனும் பின்னர் இணைந்து ஆமர்எட்டை வீழ்த்துகின்றனர். இதற்கிடையே நகரில் கும்பல் ஆட்கள் கொல்லப்படுகின்றனர். தடயங்களைப் பின்தொடரும் ஸ்பைடர்-மேன், அதைச் செய்தவர் யூரியே என்று அறிகிறார். யூரி காவல்துறையை விட்டு விலகித் தன் வழியில் செல்கிறார்.

யூரி வாட்டனபேயின் கிளைக்கதை

மூன்று பகுதிகளிலும் எதிரி ஒருவரே. அவர் இறுதியில் வீழ்த்தவும்படுகிறார். ஆனால் யூரியின் கதைக்கு இவ்விரிவாக்கத்தில் தீர்வு இல்லை. மீநாயகன் கதைகளில் நாயகன் சட்டத்துக்கு வெளியே நின்று நீதிக்காகப் போராடுவது வழக்கம். அதே செயலைக் காவல் அதிகாரி ஒருவர் செய்யும்போது அது எங்கே சென்று முடியும் என்ற வினாவை இக்கிளைக்கதை எழுப்புகிறது. ஸ்பைடர்-மேன் முகமூடி அணிந்தவர் எனினும் எவரையும் கொல்வதில்லை. பதவியும் அடையாளமும் கொண்ட யூரி அந்த எல்லையைக் கடக்கிறார். அவரைத் தடுக்கும் தகுதி தனக்கு எந்த அளவுக்கு உண்டு என்பதை ஸ்பைடர்-மேனும் எண்ணிப் பார்க்க வேண்டியதாகிறது.

சில்வர் லைனிங் பகுதியில் இக்கதை, குற்றம் நிகழ்ந்த இடங்களை ஆராயும் துணைப் பணிகள், ஒலிப்பதிவுகள், தொலைபேசி உரையாடல்கள் ஆகியவற்றின் வழியாகவே பெரிதும் சொல்லப்படுகிறது. முதன்மைப் பணிகளை மட்டும் முடிப்பவர்கள் இதன் பெரும்பகுதியைத் தவறவிடக்கூடும்.

யூரிக்குக் குரல் கொடுத்தவர் டாரா பிளாட். ஸ்பைடர்-மேனுக்குக் குரல் கொடுத்த யூரி லோவந்தால் இவரது கணவர் ஆவார்.

வரைகதை மூலங்கள்

இவ்விரிவாக்கத்தின் முக்கிய பாத்திரங்கள் மார்வெல் வரைகதைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. எஃகாலான மண்டையோடு கொண்ட ஆமர்எட் 1972ஆம் ஆண்டிலும், பிளாக் கேட் 1979ஆம் ஆண்டிலும், சில்வர் சேபிள் 1985ஆம் ஆண்டிலும், யூரி வாட்டனபே 2009ஆம் ஆண்டிலும் அறிமுகமாயினர். வரைகதையிலும் யூரி, ரெய்த் என்ற பெயரில் முகமூடி அணிந்து குற்றவாளிகளைத் தண்டிப்பவராக மாறுகிறார். ஆகவே வரைகதை வாசகர்கள் இம்மாற்றத்தை ஓரளவு எதிர்பார்த்திருக்கக்கூடும்.

விளையாடும் முறை

மூல விளையாட்டில் உள்ள மன்காட்டன் தீவே இங்கும் களமாகும். வலை வீசி ஊசலாடுதல், மறைந்திருந்து தாக்குதல், நேரடிச் சண்டை ஆகியவை மாற்றமின்றித் தொடர்கின்றன. புதிய வகை எதிரிகளும், கும்பல்களின் மறைவிடங்களும் சேர்க்கப்பட்டுள்ளன. இணைய நேரலையில் புகழ் தேடும் இசுக்ரூபால் என்ற பாத்திரம் விடுக்கும் சவால்கள் மூன்று பகுதிகளிலும் இடம்பெறுகின்றன. ஒவ்வொரு பகுதியிலும் மூன்று புதிய உடைகள் வழங்கப்பட்டன. 2018 திசம்பரில் வெளியான ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ் திரைப்படத்தின் உடையும் சில்வர் லைனிங் பகுதியில் இடம்பெற்றது.

வரவேற்பு

தி ஐஸ்ட் பகுதியில் பீட்டருக்கும் பெலிசியாவுக்கும் இடையிலான உரையாடல்கள் பாராட்டப்பட்டன. சேபிளின் பாத்திரம் சில்வர் லைனிங் பகுதியில் மெருகேறியதும் வரவேற்கப்பட்டது. பகுதிகளின் குறைந்த நீளம், ஒரே வகையான துணைப் பணிகள், இசுக்ரூபால் சவால்கள் ஆகியவை குறைகளாகக் கூறப்பட்டன. கதையை மூன்றாகப் பிரித்து மாத இடைவெளியில் வெளியிட்டதால், ஒவ்வொரு பகுதியும் முழுமை பெறாமல் நின்றுவிடுகிறது என்ற கருத்தும் எழுந்தது. மூன்றையும் தொடர்ச்சியாக விளையாடுவோருக்கு இக்குறை அவ்வளவாகத் தெரிவதில்லை.

பிந்தைய பதிப்புகளும் தொடர்ச்சியும்

2019 ஆகஸ்டில் மூல விளையாட்டும் மூன்று பகுதிகளும் ஒரே தொகுப்பாக வெளியிடப்பட்டன. அதே மாதத்தில் இன்சோம்னியாக் நிறுவனத்தைச் சோனி கையகப்படுத்துவதாக அறிவித்தது. 2020 நவம்பரில் பிளேஸ்டேசன் 5 கருவிக்கும், 2022 ஆகஸ்டில் கணினிக்கும் வெளியான மேம்படுத்தப்பட்ட பதிப்பிலும் இவ்விரிவாக்கம் சேர்ந்தே இடம்பெற்றுள்ளது.

2020இல் வெளியான ஸ்பைடர்-மேன்: மைல்ஸ் மொராலஸ் விளையாட்டில், பீட்டர் சேபிளின் நாடான சிம்கேரியாவுக்குச் செல்கிறார். யூரியின் கதை 2023இல் வெளியான மார்வெல்ஸ் ஸ்பைடர்-மேன் 2 விளையாட்டில்தான் மீண்டும் தொடர்கிறது. அதில் அவர் ரெய்த் என்ற பெயருடன் தோன்றி, தி ஃபிளேம் என்ற கிளைக்கதையில் ஸ்பைடர்-மேனுடன் இணைந்து செயற்படுகிறார். பெலிசியாவும் அவ்விளையாட்டில் உயிருடன் தோன்றுகிறார். எனவே 2018ஆம் ஆண்டின் இவ்விரிவாக்கத்தை அறியாமல் நேரடியாக இரண்டாம் விளையாட்டுக்குச் செல்பவர்களுக்கு, யூரி ஏன் காவல்துறையில் இல்லை என்பது விளங்குவது கடினம்.

தமிழ்ச் சூழலில்

தமிழ் மக்களிடையே ஸ்பைடர்-மேன் பெரிதும் திரைப்படங்களின் வழியாகவே அறிமுகமானவர். 2002ஆம் ஆண்டின் ஸ்பைடர்-மேன் திரைப்படம் தமிழில் ஒலிமாற்றம் செய்யப்பட்டு வெளியானது. பவித்ர் பிரபாகர் என்ற இந்திய ஸ்பைடர்-மேன் 2004ஆம் ஆண்டில் வரைகதையாக உருவாக்கப்பட்டார். அவர் இடம்பெற்ற ஸ்பைடர்-மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ் திரைப்படம் 2023இல் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் திரையிடப்பட்டது.

நிகழ்பட விளையாட்டில் இவ்வசதி இல்லை. தி சிட்டி தட் நெவர் ஸ்லீப்ஸ் விரிவாக்கத்தில் தமிழ்க் குரலோ தமிழ் வரியுரையோ சேர்க்கப்படவில்லை. சண்டைக் காட்சிகளை மொழியறியாமலும் விளையாட இயலும். ஆனால் யூரியின் வீழ்ச்சி உரையாடல்களிலும் ஒலிப்பதிவுகளிலும் அமைந்திருப்பதால், ஆங்கிலம் நன்கறியாத தமிழர்களை அது எளிதில் சென்றடைவதில்லை.