அடங்காப்பற்று: ஒரு பெயருக்குள் இரண்டு சொல்

வன்னியின் பெருமை பேசும் மேடைகளில் 'அடங்காப்பற்று' என்ற பெயர் ஒலிக்காமல் இருப்பது அரிது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று இன்று பிரிந்து கிடக்கும் பெருநிலப்பரப்புக்கு வழங்கிய பழம்பெயர் அது. ஒல்லாந்தர் காலத்தில், 1736ஐ ஒட்டி மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையிலும் அந்தப் பெயர் உண்டு. 'எவருக்கும் அடங்காத நாடு' என்று பொருள் சொல்லிவிட்டு நாம் கடந்துபோகிறோம். அந்தப் பெயரில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. முதற்சொல்லைப் பாடிப் பாடி இரண்டாவதைக் கைவிட்டுவிட்டோம் என்பதே என் வருத்தம்.

முதலில் அந்த இரண்டாவது சொல்லைப் பார்ப்போம். 'பற்று' என்பது பற்றுதல், பிடித்தல், தன் வசம் வைத்திருத்தல். வரி வாங்குவதற்காக வகுத்த நிலப்பிரிவுக்கும் அதுவே பெயராயிற்று. விசயநகரக் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளில் அந்தப் பொருளில் வருகிறது. கிழக்கிலங்கையில் அக்கரைப்பற்று, மண்முனைப்பற்று, கோறளைப்பற்று என்று இன்றும் வாழ்கிறது. சிங்களத்தில் அது 'பத்துவ'; குருநாகல் பக்கத்து வன்னிக்கு 'வன்னி ஹத்பத்துவ', அதாவது ஏழு பற்று, என்று பெயர். நம் வன்னியிலும் பனங்காமப்பற்று, முள்ளியவளைப்பற்று, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலைப்பற்று என்று பிரிவுகள் இருந்தன. முல்லைத்தீவில் கரைதுறைப்பற்று என்ற பிரதேச செயலகப் பெயர் இன்றும் அந்த மரபைச் சுமக்கிறது. பணம் கட்டினால் நம் கடைகளில் தரும் பற்றுச்சீட்டிலும் இதே சொல்தான் இருக்கிறது. கைக்கு வந்தது, கையில் இருப்பது என்ற பொருள் எங்கும் மாறவில்லை.

இனி 'அடங்கா'. அடங்குதல் என்றால் பணிதல். அத்தோடு, ஒன்றனுள் சேர்ந்திருத்தல் என்ற பொருளும் உண்டு. 'கணக்கில் அடங்காத' என்கிறோமே, அந்த அடங்குதல். தமிழ்நாட்டுக் கிராமக் கணக்கில் எந்த நிலத்தில் என்ன பயிர் என்று பதியும் ஏட்டுக்கு 'அடங்கல்' என்றே பெயர். இதை வைத்து நான் கருதுவது இது: அடங்காப்பற்று என்ற பெயரில் வீரனின் குரலோடு கணக்கனின் குரலும் கலந்திருக்கிறது. வரி ஏட்டுக்குள் முழுதாக வந்து சேராத பற்று, கணக்கெழுதியவனுக்கு அடங்காத பற்று.

வரலாறும் இதற்கு ஒத்துப்போகிறது. வன்னியர் தலைவர்கள் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகக் கொடுக்க ஒப்பினார்கள், கொடுக்காமலும் இருந்தார்கள். அந்த இழுபறிக்கு முடிவுகட்ட ஒல்லாந்தர் 1780களில் படை நடத்தி வன்னியை நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். 1803 ஓகஸ்டில் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தான். அந்த இடத்தில் ஆங்கிலேயர் ஒரு நடுகல் வைத்தார்கள். தோற்கடித்தவன் பெயர், தோற்றவன் பெயர், தேதி: இவ்வளவுதான் அந்தக் கல்லில். எந்த நிலத்துக்காக அந்தச் சண்டை நடந்தது என்று கல் சொல்லவில்லை.

கல் சொல்லாததைச் சொல்லக் கலை முன்வந்தது. முள்ளியவளையைச் சேர்ந்த முல்லைமணி பண்டாரவன்னியனை நாடகமாக்கினார். தமிழ்நாட்டில் கலைஞர் மு. கருணாநிதி 'பாயும்புலி பண்டாரக வன்னியன்' என்று நாவல் எழுதினார். கூத்து, மேடை நாடகம், எழுச்சிப் பாடல் எல்லாவற்றிலும் 'அடங்கா' என்ற அடைமொழி ஓங்கியது. பாட்டுக்கு அது வசதியான சொல். அடியெடுத்துக் கொடுக்கும், கைதட்டு வாங்கும். 'பற்று' அப்படியல்ல. உழவும் உறுதியும் எல்லைக்கல்லும் வழக்குமாய் இருக்கும் சொல் அது.

ஆனால் வன்னியின் பழைய வயற்பாட்டுகள் இந்தப் பற்றைத்தான் பாடின. அருவி வெட்டுப் பாடல், குருவிப்பள்ளு, பண்டிப்பள்ளு எல்லாம் விதைத்ததைக் காக்கும் பாட்டுகள். காட்டோரத்தில் வயல் செய்கிறவனுக்குக் குருவியும் பன்றியும் யானையும் விட்டுவைத்ததுதான் விளைச்சல். இரவெல்லாம் காவற்பரணில் விழித்திருந்து பாடியவர்கள் தம்மை வீரர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. இது என் கைப்பட்ட நிலம் என்ற உரிமைக்குரல் அந்தப் பாட்டுகளின் அடியில் ஓடுகிறது.

2017 ஜனவரி கடைசியில் அந்தக் குரல் தெருவுக்கு வந்தது. முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாபுலவில் பிலவுக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாம் வாயிலில் குந்தினார்கள். போரில் இடம்பெயர்ந்தவர்கள், திரும்பி வந்தபோது தங்கள் வளவுகள் முள்வேலிக்குள் இருக்கக் கண்டவர்கள். பெண்களும் பிள்ளைகளும் பனியிலும் வெயிலிலும் வீதியோரத்தில் சமைத்து, அங்கேயே படுத்தார்கள். 'எங்கள் நிலம் எமக்கு வேண்டும்' என்பது அவர்களின் முழக்கம். அதில் அடைமொழி ஒன்றுமில்லை, பற்று மட்டும் இருந்தது. மார்ச் முதலாம் தேதி அந்தக் காணிகள் விடுவிக்கப்பட்டன. அதே நாளில் கேப்பாபுலவின் மற்றக் குடும்பங்கள் இராணுவ முகாம் வாயிலில் தங்கள் போராட்டத்தைத் தொடங்கின.

அவுஸ்திரேலியாவில் குரிந்திஜிப் பழங்குடியினருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1966இல் வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் அவர்கள் வேவ் ஹில் மாட்டுப்பண்ணையை விட்டு வெளியேறினார்கள். கூலிக்காகத் தொடங்கிய வேலைநிறுத்தம், 'இது எங்கள் மண்' என்ற கோரிக்கையாக முதிர்ந்தது. 1975 ஓகஸ்ட் 16இல் பிரதமர் கஃப் விட்லம் ஒரு பிடி மண்ணை லிங்கியாரியின் கையில் கொட்டினார். பால் கெலியும் பழங்குடியினரான கெவ் கார்மடியும் சேர்ந்து அதைப் பாட்டாக்கினார்கள். 1991இல் வெளிவந்த அந்தப் பாட்டு வீரவணக்கம் பாடாமல், யார் உழைத்தார், யார் உடைமை கொண்டார், எத்தனை ஆண்டு காத்திருந்தார் என்று வரிசையாகக் கதை சொல்கிறது. அதனால்தான் அது நிலவுரிமைப் பாட்டாக நின்றது. நம் பாட்டுகளுக்கு அந்தப் பொறுமை வேண்டும்.

பற்றைப் பாடத் தொடங்கினால், அது யாருக்கெல்லாம் மறுக்கப்பட்டது என்றும் பாட வேண்டியிருக்கும். இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர் தம்மை 'வன்னியல எத்தோ', காட்டு மனிதர், என்கிறார்கள். 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது வேட்டைக்கும் தேனுக்கும் போன சொந்தக் காட்டிலேயே அவர்கள் அத்துமீறியவர்கள் ஆனார்கள். வன்னிக்குள்ளேயே இன்னொரு கூட்டம் இருக்கிறது. 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து அடிபட்டு வந்தவர்களைக் காந்தியம் அமைப்பு வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் குடியமர்த்தியது. அதை நடத்தியவர்களில் மருத்துவர் இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். வந்த மக்கள் காட்டை வெட்டி வயலாக்கினார்கள், எல்லோரோடும் போரில் மாண்டார்கள். ஆனாலும் கிளிநொச்சியில் காணி உறுதியோ அரசின் காணி அனுமதிப்பத்திரமான பெர்மிட்டோ இல்லாமல் இருக்கும் மலையகக் குடும்பங்கள் இன்னும் உண்டு. தோட்டங்களில் கங்காணியையும் துரையையும் எதிர்த்துப் பாடிய பாட்டுமரபு அவர்களுடையது, 1930களில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை மேடையேறிப் பாடிப் போராடிய மரபு அது. அடங்காப்பற்றின் பாட்டுகளில் அவர்களின் குரல் எங்கே?

வன்னியைப் பாடுகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். பண்டாரவன்னியனைப் பாடுங்கள், தடையில்லை. அவனோடு சேர்த்துக் காவற்பரணில் விழித்திருந்தவரையும், முகாம் வாயிலில் அடுப்பு மூட்டிய பெண்ணையும், ஐம்பது ஆண்டாக உழுதும் பெர்மிட் கிடைக்காத குடும்பத்தையும் பாடுங்கள். நிலம் எவர் கையில் இருக்க வேண்டும் என்று பாடாத பாட்டுக்கு அடங்காப்பற்று என்ற பெயரைச் சொல்லும் உரிமை இல்லை.