குடத்தில் இடலாகாத பெயர்கள்

சோழர் பெருமையைப் பேசத் தொடங்கினால், கங்கை கொண்டதையும் கடாரம் கொண்டதையுமே நாம் முதலில் சொல்கிறோம். படை நடத்துபவனே தலைவன் என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் அத்துணை ஆழமாகப் பதிந்துள்ளது. ஆயின், அச்சோழர் ஆட்சியிலிருந்த ஓர் ஊர் தலைமைக்கு வேறொரு பொருள் கண்டது.

காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப்பெற்ற இவை, ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். எடுத்த ஓலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றும் விதித்தனர். ஓலையை மறைத்து மாற்றுவதற்கு இடமேது!

921-ஆம் ஆண்டு விதிப்படி, வயது 35 முதல் 70 வரை இருத்தல் வேண்டும். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். இவற்றினும் நம் கருத்தைக் கவர்வன விலக்குகளே. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது. முந்தைய 3 ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. பதவிக்காலம் 360 நாள். குற்றம் செய்தவர் இடையிலேயே நீக்கப்படுவார். ஏரி வாரியத்தின் அறுவரும், தோட்ட வாரியத்தின் பன்னிருவரும் இக்கட்டுப்பாட்டுக்குள் நின்றே பணியாற்றினர்.

இதனை இன்றைய மக்களாட்சி என்று புகழ்தல் நேர்மையாகாது. இது பிராமணர் ஊரின் சபை. அவ்வூர் வயல்களில் உழைத்தவர் பெயரோ, பெண்கள் பெயரோ அக்குடத்துள் இடம்பெற வழியில்லை. இக்குறையை மறைக்காமல் சொன்ன பின்னும், ஒன்று எஞ்சி நிற்கிறது. தலைவனை அவர்கள் புகழ்மொழியால் அளக்கவில்லை. ஒப்படைத்த கணக்கால் அளந்தனர்.

தாயகத்தை விட்டு வந்து ஊர்தோறும் சங்கம் அமைத்து வாழும் நமக்கு இது பழங்கதையன்று. ஆண்டுக் கூட்டத்தில் மாலை மரியாதைகளுக்குக் கூடும் நாம், வரவு செலவு வாசிக்கப்படும்போது எழுந்து போய்விடுகிறோம். உத்தரமேரூரார் அந்நேரத்தில் அமர்ந்திருந்திருப்பர்.