கஜா புயலும் ரெங்கத்துச் சோறும்

 

போன வாரம் நம்ம கோயில் வாட்சாப் குழுவுல ஒரு தம்பி கேட்டிருந்தாரு. "தமிழ்நாட்டுல புயல் அடிச்சா நம்ம கோயில்ல எதுக்கு வசூல்? எங்க தாத்தாவே இங்கதான் பிறந்தாரு. தோட்டத்தை விட்டு வந்த நம்ம ஆளுங்களுக்கே இன்னும் சொந்த வீடு இல்ல." கேள்வி நியாயமான கேள்விதான். அவரை யாரும் திட்ட வேண்டாம். ஆனா குழுவுல ரெண்டு வரியில சொல்லி முடிக்கிற பதில் இல்ல இது. அதனால கோயில் சேவையில இருக்கிற நாங்க நாலஞ்சு பேர் உட்கார்ந்து பேசி, தெரிஞ்சதை எல்லாம் சேர்த்து எழுதியிருக்கோம். பதிவு நீளம். ஷிப்ட் முடிஞ்சு வந்து நிதானமா படிங்க.

முதல்ல நாம இங்க வந்த வழி. கிம்மாஸ் - ஜோகூர் பாரு ரயில் பாதை 1909-ல் திறந்தாங்க. அதுக்குப் பிறகுதான் குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங் பக்கம் காட்டை அழிச்சு ரப்பர் தோட்டங்கள் வரிசையா வந்தது. ரயிலுக்கு இந்தப் பக்கம் தோட்டம், அந்தப் பக்கம் தோட்டம். பால் வெட்ட ஆள் வேணும். கங்காணிங்க ஊருக்குப் போய் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வடார்க்காடு ஜில்லாக்கள்ல இருந்து ஆள் சேர்த்துக்கிட்டு வந்தாங்க. கப்பல் ஏறுற துறைமுகம் நாகப்பட்டினம், இல்லன்னா மெட்ராஸ். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்துல பாப்பாகோவில் முகாம்ல நிறுத்தி வச்சு, அம்மை குத்தி, கப்பல்ல ஏத்துவாங்க. நம்ம பெரியவங்க கதை கதையா சொன்ன ராஜூலா கப்பல் 1926-ல் கட்டினது. டெக்குல மட்டும் 5,000 பேருக்கு மேல ஏத்த அனுமதி வாங்கின கப்பல் அது. நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர்னு 1973 வரைக்கும் ஓடிச்சு.

ஏன் இதைச் சொல்றோம்னா, நம்ம ஆளுங்க புறப்பட்ட கரையும் புயல் வந்து மோதுற கரையும் ஒரே கரை. 1952 நவம்பர்ல நாகப்பட்டினத்துல புயல். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடி. பாம்பன்ல இருந்து போன ரயில் நூத்துக்கும் மேல ஆளோட கடல்ல போச்சு, ஊரே அழிஞ்சுது. தப்பிச்சவங்களுக்கு இராமேஸ்வரம் இராமநாதசுவாமி கோயில் பிராகாரம்தான் அடைக்கலம். 1977 நவம்பர் 12 மறுபடியும் நாகப்பட்டினம், 500 பேருக்கு மேல செத்தாங்க. அப்புறம் 2004 டிசம்பர் 26, அது புயல் இல்ல, சுனாமி. தமிழ்நாட்டுல சுமார் 8,000 பேர் போனாங்க, அதுல 6,000 பேர் நாகப்பட்டினம் மாவட்டம் மட்டும். அன்னைக்கு நம்ம நாட்டுலயும் 68 பேர் இறந்தாங்க, பெரும்பாலும் பினாங்குல.

இங்க இருக்கிறவங்க அங்க உதவ நினைக்கிறது புதுசு இல்ல. அந்த உதவி போய்ச் சேராம நிக்கிறதும் புதுசு இல்ல. 1942 அக்டோபர் 16-ல் வங்காளத்துல மிதுனாபூர் பக்கம் பெரிய புயல். நெல்லு போச்சு, மாடு போச்சு. யுத்தம் வேற. மறு வருஷம் வங்காளப் பஞ்சம், லட்சக்கணக்குல ஜனங்க செத்தாங்க. 1943-ல் நேதாஜி சிங்கப்பூர் வந்து இயக்கத்தை ஏத்துக்கிட்டு, நம்ம தோட்டத்துப் பொம்பளைங்க தாலிக்கொடி வரைக்கும் கழட்டிக் கொடுத்த சமயம் அது. பர்மாவுல இருந்து ஒரு லட்சம் டன் அரிசி அனுப்புறேன், பஞ்சத்துல இருக்கிற ஜனங்களுக்குக் கொடுங்கன்னு அவர் ரேடியோவுல சொன்னாரு. வெள்ளைக்காரன் அரசாங்கம் அதை வாங்கிக்கல. எதிரி கொடுக்கிற அரிசியாம். பசிக்கு எதிரி ஏது!

நாலு வருஷத்துல நிலைமை தலைகீழ். சயாம் ரயில் பாதைக்கு இழுத்துட்டுப் போன நம்ம ஆளுங்க பாதிப் பேர் திரும்பல, திரும்பினவங்க எலும்பும் தோலுமா வந்தாங்க. தோட்டங்கள்ல மருந்து இல்ல, துணி இல்ல. 1946-ல் நேரு மலாயா வந்து பார்த்துட்டுப் போனார். அந்த வருஷம் இந்திய காங்கிரஸ் ஒரு மருத்துவக் குழுவை மலாயாவுக்கு அனுப்பி வச்சது. ஜான்சி ராணிப் படையில கேப்டனா இருந்த ஜானகி, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், அந்தக் குழுவுல நலப் பணியாளரா சேர்ந்து தோட்டம் தோட்டமாப் போனாங்க. தம்பி, இதை மட்டும் ஒரு தடவை நல்லா படிங்க. ஊர்ல இருந்தும் நமக்கு உதவி வந்திருக்கு, அதுவும் அவங்களுக்கே சுதந்திரம் கிடைக்காத நேரத்துல.

இப்ப கஜாவுக்கு வர்றோம். எங்க கண்ணால பார்த்த விஷயம் இதுதான்.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடியக்காலம். மறுநாள் கார்த்திகை ஒண்ணு, ஐயப்பன் மாலை போடுற நாள். கோயில்ல ஏற்பாடு நடந்துக்கிட்டு இருந்தது. வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவுல புயல் கரையேறிச்சு. காத்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல. கஜான்னா யானை, அந்தப் பேரை இலங்கை கொடுத்தது. பேருக்கு ஏத்த மாதிரியே மிதிச்சுட்டுப் போச்சு. கடற்கரையோட நிக்காம திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டைன்னு உள்ளே புகுந்து திண்டுக்கல், தேனி வரைக்கும் போச்சு. 63 பேர் இறந்ததா அரசாங்கக் கணக்கு. சுமார் இரண்டரை லட்சம் பேர் முகாம்ல. ஒரு லட்சத்துக்கும் மேல மின்கம்பம் சாஞ்சுது.

உயிர்ச்சேதம் மத்த புயலோட பார்த்தா குறைவுதான். முன்கூட்டியே சொல்லி ஆளுங்களை வெளியேத்தினாங்க. ஆனா தென்னை போச்சு. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தென்னைதான் சோறு. நாங்க பால்மரமும் செம்பனையும் பார்த்து வளர்ந்தவங்க, மரம் சாஞ்சா என்ன ஆகும்னு எங்களுக்குச் சொல்ல வேண்டாம். நெல்லு போனா அடுத்த போகம் இருக்கு. நெட்டைத் தென்னை வச்சா காய்க்க ஆறேழு வருஷம். அரசாங்கம் ஒரு மரத்துக்கு 600 ரூபாய் நிவாரணம், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபாய்னு அறிவிச்சது. அன்னைய விலையில அது 65 வெள்ளி. முப்பது நாப்பது வருஷம் காய்க்கிற மரத்துக்கு 65 வெள்ளி.

இதுல நமக்கு என்ன சம்பந்தம்? கோயில்ல நாதஸ்வரம் யாரு வாசிக்கிறா, தவில் யாரு அடிக்கிறான்னு யோசிங்க. குளுவாங், ரெங்கம், சிம்பாங் ரெங்கம் வட்டாரத்துல சாப்பாட்டுக் கடையில பரோட்டா போடுறவரு, முடி வெட்டுற தம்பி, கோபுரத்துல சிலை செய்ய வந்தவங்க, இவங்கள்ல பாதிப் பேர் டெல்டாக்காரங்க. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, புதுக்கோட்டை. இங்க வர்றதுக்கு ஏஜென்டுக்குக் கட்டின காசே அந்தத் தென்னந்தோப்பை நம்பி வாங்கின கடன். தோப்பு போச்சு, கடன் நிக்குது, பெர்மிட் முடிய இன்னும் ஒரு வருஷம். கரெண்ட் இல்லாததால வீட்டுக்குப் போன் போகல. மூணு நாள் நாலு நாள் அம்மா இருக்காங்களா இல்லையான்னே தெரியாம மாவு பிசைஞ்சவங்களை நாங்க பார்த்தோம். ஒரு தம்பி லீவு கேட்டாரு. முதலாளி கொடுக்கல.

வேலை முதல்ல ஆரம்பிச்சது அவங்கதான், நாம இல்ல. இதை நேர்மையா எழுதிடணும். ஊர் பேர் போட்டு ஊருக்கு ஒரு வாட்சாப் குழு. சாதி சங்கம் இல்ல, கட்சி இல்ல, ஊர். ஜோகூர்ல இருக்கிறவன், சிங்கப்பூர்ல கட்டட வேலை பார்க்கிறவன், துபாய்ல இருக்கிறவன் எல்லாம் ஒரே குழுவுல. யாரு வீட்டு ஓடு போச்சு, யாரு வீட்டுல கைக்குழந்தை இருக்கு, தார்ப்பாய் எத்தனை வேணும், ஜெனரேட்டர் வாடகைக்கு எங்க கிடைக்கும். பெரிய அமைப்புகள் லாரியில மெயின் ரோட்டுல நின்னு கொடுத்தப்ப, உள்ளே வாய்க்கால் தாண்டி இருந்த வீடுகளுக்கு இந்தப் பசங்கதான் பொருளைக் கொண்டு போய்ச் சேர்த்தாங்க. துபாய்ல வேலை பார்த்த நிமல் ராகவன், பேராவூரணி பக்கம் நாடியம் ஊர்க்காரர், நிவாரண வேலைக்கு இறங்கினவர் வேலையை விட்டுட்டு ஊரோடயே தங்கிட்டார். 2019-ல் அந்த இளைஞர்களும் விவசாயிகளும் சேர்ந்து 564 ஏக்கர் பேராவூரணி பெரிய குளத்தைத் தூர் வாரினாங்க. வெளிநாட்டுக் காசும் உள்ளூர்க் காசும் கலந்த வேலை.

நம்ம கோயில் கமிட்டியில அப்ப சண்டை நடந்தது உண்மை. திருப்பணி நிதியில இருந்து எடுத்து அனுப்பலாம்னு சிலர். அம்பாள் பேர்ல வாங்கின காசைத் தொடக்கூடாதுன்னு சிலர். ரெண்டு பக்கமும் குரல் ஏறிச்சு. பொருளாளரா இருந்த பெரியவர்தான் சட்டத்தை எடுத்து வச்சாரு. இந்தியாவுல வெளிநாட்டு நன்கொடைக்குன்னு 1976-ல் இருந்தே சட்டம் இருக்கு, 2010-ல் புதுசாக்கினாங்க. மலேசிய ஐ.சி. வச்சிருக்கிற நாம அந்தச் சட்டத்துக்கு வெளிநாட்டுக்காரங்க. அங்க இருக்கிற எந்தச் சங்கத்துக்கு, கோயிலுக்கு அனுப்பினாலும் அது டெல்லியில பதிவு பண்ணினதா, இல்ல முன் அனுமதி வாங்கினதா இருக்கணும். ஊர்க் கோயில் கமிட்டிக்கு சும்மா பேங்க்ல போட்டா, வாங்கினவங்களுக்குத்தான் கஷ்டம். அந்த வருஷம் ஆகஸ்ட்ல கேரளா வெள்ளத்துக்கு வெளிநாட்டு அரசாங்க உதவியே வேண்டாம்னு டெல்லி சொன்னது ஞாபகம் இருக்கும். ஆனா இந்திய பாஸ்போர்ட்காரங்க தன் சொந்தச் சம்பாத்தியத்தை பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடையே ஆகாது.

அங்கதான் வழி பிறந்தது. நாம அனுப்ப வேண்டாம், அவங்க அனுப்பட்டும். அவங்க சம்பளம் முழுசும் ஊருக்குப் போகட்டும், இங்க அவங்க வயித்தை நாம பார்த்துக்கலாம். வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் இருந்த அன்னதானத்தைத் தினமும் ராத்திரி சாப்பாடா மாத்தினோம். உபயக்காரங்க பேர் கொடுத்தாங்க. ஒருத்தர் அரிசி, ஒருத்தர் பருப்பு, சீனர் கடைக்காரர் ஒருத்தர் ரெண்டு டின் எண்ணெய் இறக்கிட்டு பேர் சொல்லாமப் போயிட்டாரு. தைப்பூசம் வரைக்கும் அடுப்பு அணையல. திருப்பணி நிதியில ஒரு காசு தொடல. கோயில் காசு இந்த நாட்டை விட்டு வெளியே போகவும் இல்ல. சாப்பாட்டுக்கு மிச்சமான காசு வீட்டுக்குக் கூரை போட்டுச்சுன்னு திருத்துறைப்பூண்டித் தம்பி ஒருத்தர் போட்டோ காட்டினாரு. வேதாரண்யத்துக்காரர் ஒருத்தர், அப்பரும் சம்பந்தரும் கதவைத் திறக்கவும் மூடவும் பாடின மறைக்காட்டு ஊர்க்காரர், சாப்பிட்டு முடிச்சு தினமும் எல்லாப் பாத்திரத்தையும் கழுவி வச்சுட்டுத்தான் போவாரு. வேண்டாம்னு சொன்னா கேட்க மாட்டாரு.

இந்தப் புத்தி எங்களுக்கு எங்க இருந்து வந்தது தெரியுமா? தொழிற்சாலையில இருந்து. 2015 ஏப்ரல் 25 நேபாளத்துல பூகம்பம், 9,000 பேர் கிட்ட இறந்தாங்க. எங்க லைன்ல வேலை செஞ்ச நேபாளிப் பசங்க அன்னைக்கு ராத்திரியே ஹாஸ்டல்ல ஒரு நோட்டுப் போட்டாங்க. வீடு விழுந்தவன் ஊருக்குப் போக டிக்கெட், மத்தவங்க ஓவர்டைம் காசு. போக முடியாம நின்னவனுக்கு ஒரு மாசம் மத்தவங்க சமைச்சுப் போட்டாங்க, அவன் சம்பளம் அப்படியே ஊருக்கு. 2013-ல் ஹையான் புயல் அடிச்சு 6,000 பேருக்கு மேல போனப்ப, பிலிப்பைன்ஸ்காரங்களும் தேசம் தேசமா இருந்து இப்படித்தான் செஞ்சாங்க. வீட்டு வேலைக்குப் போன பொண்ணுங்க அனுப்பின காசு அந்த நாட்டுக்கு எவ்வளவு பெருசுன்னு உலகத்துக்கே தெரியும்.

நமக்கெல்லாம் புயல் வராதுன்னு நினைக்க வேண்டாம். பூமத்திய ரேகை பக்கம் புயல் உருவாகாதுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். 2001 டிசம்பர் 27-ல் வாமெய் புயல் ஜோகூர் தென்கிழக்குக் கரையிலேயே ஏறிச்சு. பூமத்திய ரேகைக்கு அவ்வளவு கிட்ட, ஒன்றரை டிகிரியில, புயல் வந்ததா அதுக்கு முன்ன பதிவே இல்லையாம். 2006 டிசம்பரும் 2007 ஜனவரியும் ஜோகூர் வெள்ளம் மறந்திருக்க மாட்டீங்க. ஒரு லட்சம் பேருக்கு மேல வீட்டை விட்டாங்க. சிகாமாட், கோத்தா திங்கி, குளுவாங் எல்லாம் தண்ணி. அப்ப சிங்கப்பூர்ல வேலை பார்த்த நம்ம ஜோகூர் பிள்ளைங்க காஸ்வே தாண்டி பால் மாவும் போர்வையும் கொண்டு வந்தாங்க. நாமளும் ஒரு காலத்துல "ஊர்ல" இருக்கிறவங்கதான், தம்பி.

தோட்டத்தை விட்டு வந்தவங்களுக்கு வீடு இல்லைன்னு சொன்னது நூத்துக்கு நூறு சரி. அதுக்குத் தனியா கூட்டம் போடணும், போடுவோம், தம்பியே முன்னால நிக்கணும். ரெண்டையும் ஒரே உண்டியல்ல போட்டுக் குழப்ப வேண்டாம்.

அடுத்த புயல் மாசத்துக்கு முன்ன முடிவு பண்ண வேண்டியது இது: தினசரி சாப்பாட்டு உபயத்துக்கு ஒரு நிரந்தரப் பட்டியல். தமிழ்நாட்டுக்காரங்களுக்கு மட்டும் இல்ல, கோயிலுக்கு வர்ற நேபாளிப் பசங்களுக்கும். அங்க சொந்தக்காரங்களுக்கு நேரா பணம் அனுப்புறவங்க, சட்டம் 2022-ல் மாறிடுச்சு. வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்னு இருந்த வரம்பு 10 லட்சமாச்சு. அதுக்கு மேல போனாத்தான் வாங்குறவங்க அரசாங்கத்துக்குத் தெரியப்படுத்தணும். பேங்க் ரசீதைப் பத்திரமா வைங்க, உண்டியல்காரன் வழியா அனுப்ப வேண்டாம்.

இன்னொரு விஷயம். உங்க வீட்டுப் பழைய பெட்டியில தாத்தா பாட்டி காலத்து மணியார்டர் ரசீது, தோட்டத்துல புயல் நிதிக்கு வசூல் பண்ணின நோட்டு, ராஜூலா டிக்கெட், போட்டோ எது இருந்தாலும் வெள்ளிக்கிழமை ராத்திரி பூஜைக்கு வரும்போது கொண்டு வாங்க. அங்கயே போன்ல படம் எடுத்துட்டு கையோட திருப்பிக் கொடுத்துடுவோம். மழை நேரம், பிளாஸ்டிக்ல சுத்திக் கொண்டு வாங்க.